பனியில் பதிந்த சுவடு படத்தில் ஏன் புடைத்து நிற்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 ஜனவரி 12

கனடாவின் அல்கொன்குவின் பூங்காவில் எடுத்ததாக நீங்கள் இட்டிருந்த மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். விலங்கின் கால் பட்ட இடம் பனிக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். உங்கள் படங்களிலோ சுவடுகள் அச்சில் தட்டி எடுத்த பலகாரம்போல மேலெழுந்து நிற்கின்றன. கணினியில் ஏதோ செய்திருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு

நிறத்தைச் சற்றுத் திருத்தியதைத் தவிரக் கணினியில் நான் எதுவும் செய்யவில்லை. ஆனால் நீங்கள் கண்டது உண்மை. எனக்கும் இப்போது அவை புடைத்தே தெரிகின்றன.

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று எண்ணியே நம் கண் எதையும் பார்க்கிறது. ஒரு குழியின் மேல்விளிம்பில் நிழலும் கீழ்விளிம்பில் ஒளியும் இருந்தால் அதைக் குழி என்று புரிந்துகொள்வோம். அதே படத்தில் ஒளி கீழ்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் நிழல் இடம் மாறிவிடுகிறது, குழி மேடாகிவிடுகிறது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் படங்களிலும் இந்த மயக்கம் பலருக்கு ஏற்படுவதுண்டு. நான் அன்று சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து எடுத்தேன். ஊரில் ஸ்ரூடியோக்காரர் கலியாண வீட்டில் சொல்லித் தந்த பாடம் அது: வெளிச்சம் உன் முதுகில் இருக்கட்டும், ஆளின் முகத்தில் விழட்டும். மாப்பிள்ளையின் முகத்துக்குப் பொருந்திய அந்த விதி நரியின் காலடிக்குப் பொருந்தவில்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், சுவடு உள்ளே போய்விடும்.

ஜனவரி 13

நேற்றிரவு அவசரத்தில் எழுதியதை ஓரளவு திருத்த வேண்டும். தலைகீழாகத் திருப்பினால் குழி குழியாகத் தெரியும் என்பது சரி. ஆனால் வடக்கே போன விலங்கு படத்தில் தெற்கே போகும். ஓரத்தில் ஒரு மரம் நின்றிருந்தால் அது வானத்திலிருந்து தொங்கும். ஆகவே திருத்தத்தை வீட்டில் செய்யாமல் காட்டிலேயே செய்துவிடுவது நல்லது: சுவட்டுக்கு மறுபக்கம் போய்ச் சூரியனைப் பார்த்தபடி நின்று எடுக்க வேண்டும். அப்போது ஒளி படத்தின் மேல்விளிம்பிலிருந்து இறங்குவதால் கண்ணுக்குக் குழப்பம் இல்லை. நம்முடைய நிழலும் சுவட்டின் மேல் விழாது. மறுபக்கம் போகும்போது தடத்தைத் தாண்டிக் குதிக்காமல், சுற்றிக்கொண்டு போக வேண்டும். நான் குதித்து மிதித்த சுவடுகளின் எண்ணிக்கையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பனிக்காலக் காடு இதற்கு வாய்ப்பான இடம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அல்கொன்குவின் ஏறத்தாழ 45½ பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. டிசம்பர் 21 அளவில் அங்கே நண்பகல் சூரியன்கூட 21 பாகைக்கு மேலே ஏறுவதில்லை. மூன்று சென்ரிமீற்றர் ஆழமுள்ள குழியின் விளிம்பு ஏறத்தாழ எட்டுச் சென்ரிமீற்றர் நீளத்துக்கு நிழல் விழுத்தும் கோணம் அது. அதாவது சிறிய நரிச்சுவடு நண்பகலிலேயே முழுவதும் நிழலால் நிரம்பிவிடும். காலையிலும் மாலையிலும் தான் சாய்வெளிச்சம் கிடைக்கும் என்று வெப்பநாட்டில் கற்றுக்கொண்டதை இங்கே மறந்துவிடலாம். நாள் முழுவதும் சாய்வெளிச்சம்தான். பெப்ரவரி முடிவதற்குள் நண்பகல் உயரம் 36 பாகையைத் தாண்டிவிடுவதால் அந்தச் சலுகையும் குறைந்துவிடுகிறது.

ஜனவரி 19

ஒரு மன்னிப்பு. மூன்று படங்களுக்கும் ஒரே விளக்கம் சொல்லிவிட்டேன். நேற்று மீண்டும் பூங்காவிலுள்ள மியூ ஏரிக்குப் போய், மூன்றாவது படத்தை எடுத்த இடத்தில் முழங்காலிட்டுக் கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தேன். அந்தச் சுவடுகள் உண்மையாகவே மேலெழுந்து நிற்கின்றன.

விலங்கு மிதித்தபோது காலுக்குக் கீழிருந்த பனி இறுகிவிடுகிறது. சுற்றியுள்ள பனி பஞ்சுபோலத் தளர்வாகவே இருக்கிறது. ஏரிமேல் தடையின்றி வீசும் காற்று அந்தத் தளர்ந்த பனியை வாரிக்கொண்டு போய்விட, இறுகிய பகுதி மட்டும் சிறு பீடம்போல எஞ்சி நிற்கிறது. நான் தொட்ட பீடம் ஏறக்குறைய இரண்டு விரல் உயரம் இருந்தது. காற்று வந்த பக்கத்தில் அதன் அடி அரிக்கப்பட்டு, காளான்போல மேற்பகுதி சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல்களின் பிரிவுகள் அழிந்துவிட்டன, உள்ளங்கால் மேட்டின் வடிவம் மட்டும் கைக்குத் தெரிந்தது. காட்டுக்குள் மரங்களுக்கிடையே இப்படி ஆவதைக் காண்பது அரிது, திறந்த ஏரியில்தான் காணலாம்.

ஆக, கேள்வி கேட்டவர் மூன்றில் ஒரு படத்தில் கண்டது மயக்கமே அல்ல. அவருடைய கண் சரியாகத்தான் இருந்தது. அதை நம்பாமல் பாடம் நடத்தப் போனவன் நான்.

ஜனவரி 26

இன்னொருவர், தம் கைப்பேசியில் பனி சாம்பல்போலக் கறுத்து விழுகிறது என்று எழுதியிருக்கிறார். கமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியைக் காட்டினால், வெளிச்சம் அளவுக்கு மிஞ்சிவிட்டதென்று கருதி அதைக் குறைத்துவிடும். படத்தின் வெளிச்ச அளவை, அதாவது எக்ஸ்போஷரை, +1 முதல் +2 வரை கூட்டினால் பனி வெள்ளையாகிவிடும். கைப்பேசியில் திரையைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

நிழல் நீலமாக விழுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறார். நிழலுக்குள் விழும் ஒளி திறந்த வானத்திலிருந்து வருவதால் அது நீலமாக இருக்கிறது. அதை முழுவதும் நீக்கிவிட்டால் வெயில் விழுந்த பகுதி மஞ்சளாகி, பனி பழைய துணிபோல ஆகிவிடும். நான் பாதி நீலத்தை விட்டுவைக்கிறேன்.

பெப்ரவரி 2

இன்று −24 பாகை. பற்றரி 40 படங்களோடு படுத்துவிட்டது. உட்சட்டைப் பையில் வைத்திருந்த இரண்டாவது பற்றரியை மாற்றி, முதலாவதை உடம்புச் சூட்டில் வைத்தேன்; அரை மணி நேரத்தில் அது மறுபடியும் உயிர்த்தது. வாகனத்துக்குள் ஏறுமுன் கமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். மூடாமல் ஏறினால் லென்ஸுக்குள் ஈரம் படிந்து, ரொறன்ரோ வரும்வரை மூன்று மணி நேரமும் அதையே கவலையோடு பார்த்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

பெப்ரவரி 9

சுவடுகளைப் பற்றி இவ்வளவு உறுதியாக எழுதுகிறீர்களே, எப்போதாவது ஏமாந்ததுண்டா என்று கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை எழுதுகிறேன்.

அல்கொன்குவின் 1893 இல் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அங்கே போகும் எவருக்கும் ஓநாய் மீது ஓர் ஆசை இருக்கும். கோடை இரவில் மக்களைக் கூட்டிச்சென்று, மனிதர் ஊளையிட்டு ஓநாயின் பதில் ஊளையைக் கேட்கவைக்கும் நிகழ்ச்சியை அந்தப் பூங்கா 1963 இல் தொடங்கியது. ஊளையை நானும் கேட்டிருக்கிறேன், உருவத்தைக் கண்டதில்லை. ஆகவே சுவடாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், நெடுஞ்சாலை 60 க்கு அருகே தெற்கு நோக்கிய சரிவொன்றில் நாய்க்குலத்துச் சுவடு ஒன்றைக் கண்டேன். அளவுகோலை வைத்தபோது நீளம் 11 சென்ரிமீற்றர் காட்டியது. கை நடுங்கியது, குளிரால் மட்டும் அல்ல. நெருங்கிச் சென்று அந்த ஒற்றைச் சுவட்டை ஏழெட்டுக் கோணங்களில் எடுத்தேன். அன்றிரவே “ஓநாய்” என்று தலைப்பிட்டுப் படத்தை வெளியிட்டு, பாராட்டுகளையும் பெற்றுக்கொண்டேன்.

மூன்றாம் நாள், சுவடு பார்ப்பதில் என்னைவிடப் பல ஆண்டு மூத்த ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: “அடுத்த காலடி எத்தனை சென்ரிமீற்றர் தள்ளி இருந்தது?” அதை நான் அளக்கவேயில்லை. நல்ல வேளையாக, தூரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் அளவுகோலும் அடுத்த சுவடும் சேர்ந்து விழுந்திருந்தன. கணக்கிட்டுப் பார்த்தால் 38 சென்ரிமீற்றர். நடந்துபோகும் ஓநாய்க்கு அது பொதுவாக அதைவிட மிகவும் கூடுதலாக இருக்கும். கால் ஓநாயுடையது, நடை நரியுடையது என்றால் அப்படி ஒரு விலங்கு கிடையாது. அதே நினைவட்டையில், அதே தடம் ஹெம்லொக் மரங்களின் அடர்ந்த நிழலுக்குள் நுழைந்த இடத்தில் எடுத்த படம் ஒன்று கவனிக்கப்படாமல் கிடந்தது. அங்கே சுவட்டின் நீளம் ஐந்தரைச் சென்ரிமீற்றர். செந்நரி.

வெயில் பட்ட சரிவில் இரண்டு மூன்று நாட்களாக விளிம்பு உருகி உருகிச் சுவடு அகன்றுவிட்டது. நிழலில் அது பிறந்த அளவிலேயே இருந்தது. கால்தடம் பெருக்கும், ஆனால் இரண்டு காலடிகளுக்கு இடையிலுள்ள தூரம் பெருக்காது; எவ்வளவு உருகினாலும் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம் அப்படியே இருக்கும். அன்றிலிருந்து ஒற்றைச் சுவட்டின் நெருக்கப்படத்தை நான் நம்புவதில்லை. முதலில் முழுத் தடத்தையும் எடுக்கிறேன், பிறகு அளவுகோல் கிடத்திய நாலைந்து சுவடுகளை எடுக்கிறேன், கடைசியில்தான் அழகான ஒன்றைத் தேடுகிறேன். வெளியிடும்போது பலரும் அந்தக் கடைசிப் படத்தை மட்டுமே விரும்புகிறார்கள் என்பது வேறு விஷயம்.

தலைப்பைத் திருத்தி “செந்நரி, வெயிலில் பெருத்தது” என்று மாற்றினேன். பாராட்டியவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

பெப்ரவரி 10

அளவுகோல் இல்லாதபோது நாணயம் வைக்கலாமா என்ற கேள்விக்கு: வைக்கலாம். கனடாவின் 25 சத நாணயத்தின் விட்டம் 23.88 மில்லிமீற்றர். ஆனால் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்த நாணயம் சூடாக இருக்கும். பனியில் வைத்ததும் அது தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொண்டு மெல்ல இறங்கும், அடுத்த படம் எடுப்பதற்குள் சாய்ந்துவிடும். சற்று நேரம் வெளிக்காற்றில் குளிரவிட்டு வையுங்கள். சுவட்டின் அடி ஆழத்தில் இருக்க நாணயத்தை மேற்பரப்பில் வைத்தால் கமராவுக்கு நாணயமே அருகில் இருக்கும், சுவடு உண்மையிலும் சிறிதாகத் தெரியும். நாணயத்தில் பொறித்திருப்பது கரிபூ என்னும் பனிமான். அல்கொன்குவினில் இன்று கரிபூ கிடையாது. ஆகவே என் படங்கள் சிலவற்றில் மட்டும் அது உண்டு.

பெப்ரவரி 17

“முயல் எந்தப் பக்கம் போயிருக்கிறது?” என்று படம் ஒன்றைக் காட்டிக் கேட்டிருக்கிறார் ஒருவர். இரண்டு சிறிய குழிகள், அவற்றுக்கு அப்பால் இரண்டு பெரிய குழிகள். பெரிய குழிகள் இருக்கும் பக்கமே அது போன திசை. பனிமுயல் பாயும்போது முன்கால்களை ஊன்றி, பின்கால்களை அவற்றுக்கு வெளியே கொண்டுவந்து முன்னால் வைக்கும். ஆகவே படத்தில் முன்னால் இருப்பது பின்கால். செவ்வணிலும் இப்படித்தான் பாய்கிறது, ஆனால் அதன் முன்கால்கள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கமாக விழும், முயலுடையவை ஒன்றன்பின் ஒன்றாக விழும். அணிலின் தடம் ஒரு மரத்தடியில் தொடங்கி இன்னொரு மரத்தடியில் முடியும் என்பதும் உதவும். நான் முதல் பனிக்காலம் முழுவதும் முயல்களைப் பின்தொடர்வதாக எண்ணி, அவை வந்த வழியே போய்க்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 23

இன்னுமொரு திருத்தம். ஜனவரியில் இட்ட வேறொரு படத்துக்கு, ஆந்தை பனிக்குள்ளிருந்து எலியைக் கவர்ந்து சென்ற இடம் என்று எழுதியிருந்தேன். பனியில் ஒரு குழி, அதன் இரு பக்கமும் விசிறிபோல விரிந்த இறகுத் தடங்கள். எல்லோரும் எடுக்க ஆசைப்படும் படம் அது, நானும் ஆசைப்பட்டேன்.

நேற்று ஸ்ப்ரூஸ் சதுப்பு நடைபாதைக்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத மென்பனியில் நடந்துகொண்டிருந்தபோது, காலுக்கு ஒரு மீற்றர் முன்னால் பனி வெடித்தது. வெடித்தது என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. கவுதாரியைவிடப் பெரிய பழுப்புப் பறவை ஒன்று வெண்தூளைச் சிதறடித்துக்கொண்டு எழுந்து மரங்களுக்கிடையே மறைந்தது. மூச்சு நிலைத்ததும் குனிந்து பார்த்தேன். ஒரு குழியும் இரு பக்கமும் விசிறிபோன்ற இறகுத் தடங்களும்: ஜனவரிப் படம் அப்படியே. அது கிரவுஸ் என்னும் காட்டுப்பறவை. கடுங்குளிர் இரவுகளில் அது மென்பனிக்குள் பாய்ந்து, உள்ளே சிறு சுரங்கம் செய்து படுத்துக்கொள்ளும். வெளியே −25 பாகை இருந்தாலும் பனிக்கூரையின் கீழே அதைவிட மிகவும் வெதுவெதுப்பாக இருக்கும். குழியின் அடியை மெல்ல விலக்கியபோது, வளைந்த சிறு குச்சிகள்போல அதன் எச்சம் குவியலாகக் கிடந்தது. பறவை அங்கே நெடுநேரம் தங்கியிருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வீட்டுக்கு வந்து ஜனவரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழியை நோக்கி வந்த எலித்தடம் எதுவும் இல்லை. இரத்தத் துளி இல்லை. குழிக்குள், நிழலில், வளைந்த குச்சிபோன்ற ஏதோ ஒன்று இருக்கிறது. ஆந்தையை நீக்கிவிட்டேன். ஓநாய் போயிற்று, ஆந்தையும் போயிற்று. இப்படியே போனால் என் தொகுப்பில் முயலும் அணிலும் மட்டுமே மிஞ்சும்.

மார்ச் 2

ஜனவரி 26 அன்று +1 முதல் +2 வரை என்று எழுதியதை மறுபரிசீலனை செய்கிறேன். பரந்த பனிவெளியைக் காட்டும் படத்துக்கு அது சரி. சுவட்டின் நெருக்கப்படத்துக்கு +2 வைத்தால், வெயில் பட்ட விளிம்பிலுள்ள பளிங்குத் துகள்கள் யாவும் வெறும் வெள்ளையாகிவிடுகின்றன. பிறகு எந்தக் கணினியாலும் அவற்றை மீட்க முடியாது. நான் இப்போது +⅔ இல் எடுத்து, வீட்டில் தேவையான அளவுக்கு வெளிச்சமூட்டுகிறேன். முகில் மூடிய நாளில் நிழலே இல்லாமல் சுவடு தட்டையாகத் தெரியும். அப்போது சிறிய கைவிளக்கை, சூரியன் நிற்க வேண்டிய பக்கத்தில் பனியோடு பனியாகத் தாழ்த்திப் பிடித்தால் விரல்களின் விளிம்பு எழுந்து வரும். சூரியன் நிற்க வேண்டிய பக்கம் எது என்பதை ஜனவரி 13 குறிப்பில் பார்க்கவும்.

தடத்தைத் தொடர்ந்து போய் விலங்கையே எடுத்துவிடலாமே என்று இளைஞர் ஒருவர் கேட்கிறார். தம்பி, வேண்டாம். மார்ச் மாதத்து மூஸ் என்னும் பெரிய மான், நான்கைந்து மாதங்களாக மரக்கொம்புகளைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் விலங்கு. ஆழப்பனியில் அதைக் கிளப்பி ஓடவிட்டால், அது செலவழிக்கும் வலுவை ஈடுசெய்ய அங்கே உணவு இல்லை. நான் தடத்தைப் பின்னோக்கித் தொடர்வேன், அதாவது அது வந்த திசையில். எங்கே படுத்தது, எந்தக் கிளையைக் கடித்தது, எங்கே நின்று காது கொடுத்துக் கேட்டது என்பவை எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் எழுதியிருக்கும். மூஸ் படுத்தெழுந்த பள்ளம் ஒன்றின் அடியில், உருகி மறுபடி உறைந்த கண்ணாடிப் படலத்தில் நீண்ட மயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்ததை அப்படித்தான் எடுத்தேன். முதல் பனிக்காலத்தில் முயல்களிடம் தவறுதலாகச் செய்ததை இப்போது வேண்டுமென்றே செய்கிறேன்.

மார்ச் 16

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர், ஸ்காபரோவில் ரூஜ் பூங்காவின் ஆற்றங்கரையில் தாம் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார். சூரியனைப் பார்த்தபடி நின்று எடுத்திருக்கிறார். குழி குழியாகத் தெரிகிறது. நிழலின் நீலம் அளவாக இருக்கிறது. தடம் முழுவதையும் காட்டும் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். நேர்கோட்டில், அலையாமல், பின்கால் முன்காலின் தடத்திலேயே விழுந்திருக்கிறது. வீட்டு நாய் இவ்வளவு சிக்கனமாக நடக்காது, இங்குமங்கும் மோந்துகொண்டு அலையும். எனவே கயோட்டி, அதாவது ஓநாயைவிடச் சிறிய நாய்க்குலத்துக் காட்டு விலங்கு, என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அந்தப் பூங்காவில் கயோட்டிகள் இருக்கின்றன.

ஆனால் அளவுக்காக அவர் பக்கத்தில் வைத்திருப்பது தம்முடைய இடக்கைக் கையுறையை. ஐயா, கையுறை அழகாக இருக்கிறது. தயவுசெய்து அதை அளந்து அனுப்புங்கள்.